நீ விரட்டிய படகு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. மிச்சமெல்லாம் கோபம்தான், அதனால் உட்கார்ந்துகொண்டு படி.

போன ஞாயிற்றுக்கிழமை, பறவைகள் கூடு கட்டியிருக்கும் அந்த ஓடையின் வாசலில் நீலத் தார்ப்பாய் போட்ட படகு ஒன்று நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு ஆள் எழுந்து நின்று கத்தினாரே? நீ விசில் ஊதி, சிவப்புக் கொடியை ஆட்டி, அந்தப் படகை விரட்டினாயே? நீ சொன்னதன் பேரில்தானே அந்தப் படகுக்காரர் இந்த மாதம் முழுக்கப் படகை எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்? கத்தினவர் உன் அப்பா. பக்கத்தில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த தொப்பிக்காரி நான்.

இப்போது தலையில் கை வைத்துக்கொள்வாய். வைத்துக்கொள். நான் அன்றிலிருந்து எடுக்கவே இல்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உன்னோடு போனில் பேசுகிற அழகு எனக்குத் தெரியாதா? சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிறவரை கணீரென்று இருக்கிற சிக்னல், அப்பா என்று ஆரம்பித்தவுடனே அறுந்து போகும். "அம்மா, இங்க விட்டு விட்டுக் கேக்குது, அப்புறம் பேசறேன்" என்பாய். அவர் மட்டும் லேசுப்பட்டவரா? உன் போன் வந்தால் காரைத் துடைக்கிறேன் என்று வாசலுக்குப் போய்விடுவார். துடைத்த காரையே துடைப்பார். காது மட்டும் வீட்டுக்குள் இருக்கும். நான் போனை வைத்ததும் உள்ளே வந்து, யார் என்று கேட்க மாட்டார், "என்னவாம்" என்று மட்டும் கேட்பார். நான் சொல்வேன். துணியைப் பிழிந்து காயப்போடுவார். இரண்டு வருஷமாக இந்தக் கூத்துதான் நடக்கிறது. கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை, நடுவில் வைத்துவிடவும் முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் இருவருக்கும் நடந்த சண்டையை நான் மறுபடி கிளறவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அவருடைய டிரைவிங் ஸ்கூல் போர்டில் உன் பேரையும் சேர்த்து எழுத அவர் பெயிண்டரை வரச் சொல்லியிருந்த அதே வாரம், காட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று நீ வந்து நின்றாய். "சேத்துல நிக்கிறதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வெச்சேன்" என்று அவர் கத்தியது தப்புதான். நீ சும்மா இருந்தாயா? "கத்துக்குடுக்கிற கார்ல உங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. என் வாழ்க்கையிலயும் அப்படி ஒண்ணு வெச்சிருக்கீங்க. அதுலேர்ந்து காலை எடுங்கப்பா" என்றாய். அன்றைக்கு வாயை மூடினவர்தான். ஏன் அவளோடு பேச மாட்டேன் என்கிறீர்கள் என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில். "அவதானே காலை எடுக்கச் சொன்னா. எடுத்துட்டேன்." நீ கோபத்தில் ஒன்று சொன்னாய், அவர் பிடிவாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டார். நடுவில் கிடந்து நசுங்குகிறவள் நான்.

அதற்குத்தான் ஒரு திட்டம் போட்டேன். எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடை முதலாளி வேலை செய்கிறவர்களைச் சுற்றுலா கூட்டிப் போகிறார், இந்தத் தடவை அலையாத்திக் காட்டுச் சரணாலயம், வீட்டுக்காரரையும் அழைத்து வரலாம் என்று ஒரு புளுகு புளுகினேன். எங்கள் முதலாளி கைக்காசு போட்டு ஒரு டீ வாங்கித் தர மாட்டார் என்பது உன் அப்பாவுக்கும் தெரியும். நீ அந்தக் காட்டில்தான் இருக்கிறாய் என்பதும் தெரியும். ஏதாவது குறுக்குக் கேள்வி கேட்பார் என்று பத்து பதில் தயார் செய்து வைத்திருந்தேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

உன்னிடம் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்காதே. சொல்லியிருந்தால் அன்றைக்குப் பார்த்து உனக்கு வேறு பக்கம் வேலை வந்திருக்கும். நீ அவர் பெண்தானே.

ஞாயிறு காலை பார்த்தால் மனிதர் மீசையைச் சரி பண்ணி, சலவைச் சட்டை போட்டு, தோல் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டு நிற்கிறார். காட்டுக்கு எதற்கு இந்த ஷூ, ரப்பர் செருப்பு போடுங்கள் என்றேன். என் வேலையைப் பார்க்கச் சொன்னார். பஸ் நிலையத்தில் எங்கள் கடையிலிருந்து ஒரு ஈ, காக்கை இல்லை. மற்றவர்கள் அடுத்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று நானாகச் சொன்னேன். அவர் பாட்டுக்கு பஸ்ஸில் ஏறிவிட்டார். வேண்டுமென்றே டிரைவருக்குப் பின்னால் இடம் பிடித்து, வளைவுக்கு வளைவு காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். முன்னால் இருந்த டிரைவர் இரண்டு தடவை திரும்பி என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் அவரை மிதிக்கச் சொன்னதுபோல.

அங்கே வந்து இறங்கினதும் என் திட்டம் கந்தல். சீட்டுக் கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் இருந்தாள். அப்பா சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குரலைத் தாழ்த்தி உன்னைப் பற்றி விசாரித்தேன். பெற்ற தாய் என்று சொல்ல வாய் வரவில்லை, அவர் காதில் விழுந்துவிடுமே என்று பயம். தெரிந்த பெண் என்றேன். பார், நான் பெற்ற பிள்ளையை நானே தெரிந்த பெண் என்று சொல்லும்படி ஆக்கிவிட்டீர்கள். அவள், "அந்த அக்காவா? குஞ்சு பொரிக்கிற சீசன் முடியற வரைக்கும் அவங்க ஓடைப் பக்கம்தான். அங்க யாரையும் விட மாட்டாங்க. போன் கூடக் கொண்டு போகக் கூடாது. படகு ஓடை வாசல்ல கொஞ்ச நேரம் நிக்கும், தூரத்திலேர்ந்து பாத்துக்கலாம்" என்றாள். சரி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவாளா என்று கேட்டேன். தண்ணீர் இறங்கிவிட்டால் அவர்கள் படகு சேற்றில் நின்றுவிடுமாம், சாயங்காலம் தண்ணீர் ஏறினால்தான் கரைக்கு வர முடியுமாம். எங்களுக்கோ கடைசி பஸ் அதற்கு முன்பே. இரண்டு மாதமாக உட்கார்ந்து போட்ட திட்டத்தில் கடல் தண்ணீரையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எரிச்சலில் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

படகு வேறு கிளம்புகிற வழியாக இல்லை. உன் அப்பா போய்ப் படகுக்காரரிடம் கைக்கடிகாரத்தை நீட்டி, "பத்து மணிப் படகுன்னு போர்டுல போட்டிருக்கு. இப்ப என்ன மணி?" என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் பதறவே இல்லை. "ஐயா, போர்டு எழுதினவர் தண்ணிகிட்டக் கேக்காம எழுதிட்டாருங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். உன் அப்பா என்னை முறைத்தார்.

கிளம்புவதற்கு முன் படகுக்காரர் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொன்னார். அதை நான் மறைக்க மாட்டேன். கடைசி வளைவு வரைக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அதற்கு அப்புறம் மூச்சு விடக் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பை ஊன்றித்தான் போவோம். சத்தம் கேட்டுப் பெரிய பறவைகள் கூட்டை விட்டு எழுந்துவிட்டால், எப்போது எழும் என்று மேலே காத்துக்கொண்டிருக்கிற பருந்து குஞ்சைத் தூக்கிவிடும். "தும்மல் வந்தாலும் முழுங்கிடுங்க" என்றார். இதைக் கேட்டதும் உன் அப்பாவுக்கு ஒரே திருப்தி. ஹாரன் அடிக்கிறவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அர்த்தம், இதைத்தான் முப்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று படகுக்காரரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னைத்தான் சொல்றாரு, வாயை மூடிட்டு வா" என்றார். என்னை.

காடு நன்றாகத்தான் இருந்தது. கோபத்தில் இருந்தாலும் நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து வேர்கள் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன, மரம் மூச்சு விடுவது அதன் வழியாகத்தானாம். சேற்றில் மீன் நடக்கிறது, குதிக்கிறது, ஒன்றை ஒன்று துரத்துகிறது. நீ போனில் சொன்னபோது நான் உம் கொட்டினேனே தவிர நம்பவில்லை. படகுக்காரர் ஓர் இலையைப் பறிக்காமல் வளைத்துக் காட்டி, நாக்கால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உப்பு. உன் அப்பா இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். மரம் குடிக்கிற உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது என்று படகுக்காரர் விளக்கினார். கொஞ்ச நேரம் கழித்து உன் அப்பா, ரொம்ப சாதாரணமாகக் கேட்பதுபோல, "இங்க வேலை பாக்கிறவங்களுக்கு இதெல்லாம் படிச்சிருக்கணுமா?" என்று கேட்டார். ஆமாங்க, இங்கே ஒரு மேடம் இருக்கிறார், அவருக்கு ஒவ்வொரு மரமும் அத்துப்படி என்றார் படகுக்காரர். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன். உன் அப்பா, "வளைவுல வேகத்தைக் குறைங்க" என்றார். அங்கே வளைவே இல்லை.

அந்தக் கடைசி வளைவு திரும்பினோம். எஞ்சின் நின்றது. மரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். அவை போடுகிற சத்தத்தில் நாம் பேசினால் என்ன கேட்கவா போகிறது என்று எனக்குத் தோன்றியது. நாற்றமும் கொஞ்ச நஞ்சமில்லை, எப்படித்தான் நாள் முழுக்க அங்கே நிற்கிறாயோ. கீழே சேற்றில் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே காக்கி, ஒரே தொப்பி, முகத்தில் துணி, தொடை வரை சேறு. பெற்றவளுக்குத் தெரியாதா என்பார்கள். தெரியவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை அடுத்தவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற எனக்குத் தெரியவில்லை. ஒல்லியாக இருந்த ஒன்றைப் பார்த்து, ஐயோ என் பிள்ளை இளைத்துவிட்டதே என்று கண் கலங்கிக்கொண்டிருந்தேன். அது முகத்துணியை இறக்கித் தாடியைச் சொறிந்தது.

அப்போது உன் அப்பா என் கையைப் பிடித்தார். பேசக் கூடாதே, அதனால் பிடித்தார். மோதிரம் விரலில் பதிகிற மாதிரி ஒரு பிடி. அவர் பார்க்கிற பக்கம் பார்த்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற ஆள் ஒரு அடி பின்னால் வைக்கப் போனாள். வைப்பதற்கு முன்னால் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதே, கழுத்தைத் திருப்பு என்று அவர் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. தூரத்துக் கண்ணாடி போடுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காத மனிதர், அவ்வளவு தூரத்தில், சேற்றில், முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

நீ திரும்பவில்லை. நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் எங்கள் நேரம் முடிந்துவிட்டது. படகுக்காரர் கம்பை ஊன்றிப் படகைத் திருப்ப ஆரம்பித்தார். இதோ திரும்புவாள், இதோ திரும்புவாள் என்று நான் ஒவ்வொரு ஊன்றலுக்கும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவரும் அதைத்தான் நினைத்தார் போலிருக்கிறது. படகு மரத்தின் மறைவுக்குள் நுழையப் போகிற நேரம், பட்டென்று எழுந்து நின்றார். படகு ஆடியது. நான் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, மைதானத்தின் அந்தக் கோடியில் கார் ஓட்டுகிறவனுக்குக் கேட்கிற குரலில் கத்தினார்.

என்ன கத்தினார் என்று உனக்குக் கேட்டிருக்காது. பறவைச் சத்தத்தில் யாரோ கூச்சல் போடுகிறான் என்று மட்டும்தான் கேட்டிருக்கும். "சுண்டெலி" என்று கூப்பிட்டார். ஐந்து வயசில் காரில் அவர் சீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருவாயே, அப்போது வைத்த பேர். கல்லூரியில் சேர்ந்த பிறகு, யார் காதிலாவது விழுந்தால் மானம் போகிறது, இனி அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று நீயே சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அந்த நேரத்தில் அவர் வாயில் வேறு பேர் வரவில்லை.

அப்புறம் நடந்ததை நீயே பார்த்தாய். மரம் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. வானம் தெரியவில்லை. எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு பருந்து இறங்கியது. மேலேயிருந்து ஒரு குஞ்சு சேற்றில் விழுந்தது, நீ அதை நோக்கி முழங்காலால் நகர்ந்து போனாய். போகிற போக்கில் தலையைத் தூக்கினாய். பறவைகளைப் பார்த்தாய், பருந்தைப் பார்த்தாய், கொடியை எடுத்தாய், விசிலை எடுத்தாய். உன் அப்பா இருந்த பக்கம்தான் ஊதினாய். அவர் முகத்தைத்தான் பார்க்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தப் படகில் யார் இருக்கிறார்கள் என்று நீ பார்த்திருக்கக் கூடாதா? உன் மேல் எனக்குள்ள கோபமெல்லாம் அது ஒன்றுதான். நியாயமான கோபம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். குஞ்சு விழுந்து கிடக்கும்போது படகில் யார் என்று பார்க்கிறவளுக்கு அங்கே என்ன வேலை? இருந்தாலும் கோபம் வருகிறது, நான் என்ன செய்யட்டும்?

படகு கரைக்கு வந்தது. படகுக்காரர் முகம் வெளுத்துப் போயிருந்தது. கரையில் அதிகாரி காத்துக்கொண்டிருந்தார், கையில் வாக்கி டாக்கி. அதில் உன் குரல் வந்துகொண்டிருந்தது. "நீலத் தார்ப்பாய் படகு சார். யாரோ ஒரு வயசானவர் எழுந்து நின்னு கத்தினாரு. மேற்குப் பக்கம் மொத்தமா எழுந்துடுச்சு. ஒரு குஞ்சு விழுந்திருக்கு, நான் எடுத்து வெச்சிருக்கேன்." இரண்டு வருஷம் கழித்து அவர் காதில் நேராக விழுந்த உன் குரல் அதுதான். யாரோ ஒரு வயசானவர். அதிகாரி பெட்டியை அணைக்கிற வரைக்கும் உன் அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி, ஏன் கத்தினீர்கள் என்று கேட்டார். உன் அப்பா, "முதலையைப் பாத்தேன்" என்றார். இங்கே முதலையே கிடையாது என்றார் அதிகாரி. அப்படியானால் எதையோ பார்த்தேன் என்றார் இவர். தப்பு தன்னுடையது, படகுக்காரரை விட்டுவிடுங்கள், தண்டனை என்னவோ அதைத் தனக்குக் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். "படகுல யார் சத்தம் போட்டாலும் படகுக்காரர்தான் சார் பொறுப்பு, அதுதான் இங்க சட்டம்" என்று அதிகாரி சொல்லிவிட்டார். பாடம் கற்கிறவன் இடித்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வாத்தியார்தான் பொறுப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறவர்தானே உன் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. சார், அங்கே விசில் ஊதினது எங்கள் பெண்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உன் அப்பா என் முழங்கையைப் பிடித்துத் தள்ளி இழுத்து வந்துவிட்டார். "அவ அப்பன்தான் இந்தக் கூத்தைப் பண்ணினான்னு தெரிஞ்சா, அங்க அவளுக்கு என்ன மரியாதை இருக்கும்?" என்றார். மரியாதை. பிள்ளையோடு இரண்டு வருஷம் பேசாமல் இருப்பார், அவள் மரியாதைக்கு மட்டும் காவல் இருப்பார். தலையில் அடித்துக்கொண்டேன்.

படகுக்காரரிடம் மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் உண்மையைச் சொன்னேன். வெளியில் விட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், நீயும் அவரைக் கேட்டு வைக்காதே. "அந்த மேடம் அப்பாவா? அதான பாத்தேன், விசில் சத்தமும் அப்படித்தான் காதைக் கிழிச்சுது" என்றார். வருமானம் போன வருத்தத்திலும் சிரித்தார். திட்டியிருந்தால் கூடத் தேவலை. நான் கூனிக் குறுகிப் போனேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் கடையில் ஆள் வந்துவிட்டது, மடித்து வைத்துவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமை காலை.

மடித்து வைத்ததும் நல்லதற்குத்தான். உன் அப்பாவின் நிலைமையை அப்போது பாதிதான் எழுதியிருப்பேன். கார் கற்றுக்கொள்ள வருகிற ஒரு அம்மா நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஏன் என்றேன். கியரைத் தப்பாகப் போட்டால் கத்துவாரே, இப்போது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு ஓட்டவே பயமாக இருக்கிறது என்றார். அப்படி ஆகிவிட்டார்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை அந்தப் படகுக்காரருக்குப் போன். எப்போது நம்பர் வாங்கினாரோ தெரியாது. முதலில் படகு விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "விழுந்த குஞ்சு பொழைச்சுதா?" என்று கேட்பார். பாவம், ஓடைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிற ஆளுக்கு அது எப்படித் தெரியும்? தினமும் இதே கேள்வி, தினமும் தெரியலைங்க என்கிற அதே பதில். நேற்று ராத்திரி சாப்பிடும்போது என்னிடமே கேட்டார். எனக்குத் தெரியுமா என்று எரிந்து விழுந்தேன். பிறகு மனசு கேட்கவில்லை. அது பிழைத்ததா இல்லையா என்பது இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகையால் கேட்டுக்கொள். முதலாவது, படகுக்காரர் விஷயம். தப்பு செய்தது உன் அப்பா, அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லி அந்த மனிதரை வேலைக்கு விடச் சொல். உன் மரியாதை ஒன்றும் போய்விடாது. போனாலும் பரவாயில்லை, அவர் பிழைப்பு அதைவிடப் பெரிது. உன் அப்பாவைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டு, உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என்னிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொல்லாதே. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் செய்தி சுமந்தது போதும். நேராக அவர் பேருக்கு எழுதித் திட்டு. உன்னிடம் திட்டு வாங்கினால் அந்த மனிதர் கொஞ்சம் நன்றாகத் தூங்குவார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிலேயே குஞ்சைப் பற்றியும் ஒரு வரி எழுதிவிடு. பிழைக்கவில்லை என்றாலும் எழுது. அவர் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார், அதனால் உள்ளதை எழுது.

இன்றைக்குக் காலையில் நான் இதை எழுத உட்கார்ந்தபோது பின்னால் வந்து நின்றார். கடைக் கணக்கு என்றேன். மேலே அன்புள்ள மகளுக்கு என்று எழுதியிருப்பது அவர் கண்ணில் பட்டிருக்கும், கண்ணாடி போடாவிட்டாலும்.  காரைத் துடைக்கவும் போகவில்லை. படகுக்காரர் ஒரு விஷயம் சொன்னார் என்றார். குஞ்சுகள் எல்லாம் இறக்கை முளைத்துப் பறந்துவிட்டால், அதற்கப்புறம் ஓடைக்குள்ளே போகலாமாம். எஞ்சினோடேயே போகலாமாம். பேசலாமாம். "எப்ப பறக்கும்னு அவகிட்டக் கேட்டு எழுதச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் வெளியே போய்விட்டார்.

ஆக, குஞ்சுகள் எப்போது பறக்கும் என்று எழுது. அவர் வருவார். இந்தத் தடவை எந்தப் புளுகும் இல்லாமல் வருவார், அதற்கு நான் பொறுப்பு. வேளா வேளைக்குச் சாப்பிடு. சேற்றில் நின்று நின்று காலைப் புண்ணாக்கிக்கொள்ளாதே, ராத்திரி நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் படு. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பறவைகளும் நன்றாக இருக்க வேண்டும், எல்லாம் நல்லபடியாகப் பறக்கட்டும். அன்றைக்கு உன் அப்பா கூப்பிட்டால் மட்டும், கண்ணு, பறவைகளைப் பார்க்காதே. படகைப் பார்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் முழுசாக ஆறாத
உன் அம்மா